மென்பொருளை நீக்கியபின் எஞ்சும் கோப்புறைகளைப் பாதுகாப்பாக அழித்தல்

தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் – பணிசெயல் முறைமை

மாணவர்களே, மென்பொருளை நீக்குதல் வேறு. அதன் கோப்புறையை அழித்தல் வேறு. கோப்புறையை மட்டும் அழித்தால் பதிவேட்டுக் குறிப்புகளும் குறுக்குவழிகளும் கணினியில் தங்கிவிடும். ஆகவே முதலில் முறைப்படி நீக்க வேண்டும். எஞ்சியவற்றை அதன் பின்னரே அழிக்க வேண்டும்.

1. கோப்புறைகள் எஞ்சுவது ஏன்?

● நீக்கும் செய்நிரல், நிறுவும்போது தான் பதிந்த கோப்புகளையே பெரும்பாலும் அகற்றும். பின்னர் உருவான கோப்புகள் அப்பட்டியலில் இரா.
● மீண்டும் நிறுவும்போது உதவும் என்பதற்காகப் பயனரின் அமைப்புகளும் ஆக்கங்களும் வேண்டுமென்றே விடப்படும்.
● பயன்பாட்டிலுள்ள கோப்பை உடனடியாக அழிக்க முடியாது.

2. எங்கே தேடுவது?

விண்டோஸ் கணினியில், சீ வன்தட்டுப் பிரிவில் பின்வருவனவற்றைப் பாருங்கள்.

● புரோகிராம் பைல்ஸ் – மென்பொருளின் பிரதான கோப்புகள்
● புரோகிராம் டேட்டா – எல்லாப் பயனருக்கும் பொதுவான தரவுகள்
● ஆப் டேட்டா – ஒவ்வொரு பயனருக்கும் உரிய அமைப்புகள். இதனுள் லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் என மூன்று கோப்புறைகள் உண்டு.

பின்னைய இரண்டும் மறைக்கப்பட்டவை. மறைந்த உருப்படிகளைக் காட்டும் தெரிவை இயக்கினாலே அவை தென்படும்.

3. செய்முறை ஒழுங்கு

(1) உங்கள் ஆக்கங்களை வேறோர் இடத்தில் காப்பு நகலெடுங்கள்.
(2) மென்பொருளை மூடி, செட்டிங்ஸ் → ஆப்ஸ் வழியாக அல்லது கட்டுப்பாட்டுப் பலகம் வழியாக நீக்குங்கள்.
(3) கணினியை மீள ஆரம்பியுங்கள். சில கோப்புகள் இதன்போதே அகலும்.
(4) எஞ்சிய கோப்புறையைத் திறந்து உள்ளே இருப்பதைப் பாருங்கள்.
(5) ஐயம் இருப்பின் அழிக்காது, பெயரின் இறுதியில் "பழையது" எனச் சேர்த்துச் சில நாட்கள் விடுங்கள். வேறு மென்பொருள் பழுதடைந்தால் பழைய பெயரை மீள இடலாம்.
(6) பழுது ஏதும் இல்லையெனின் டிலீட் விசையால் மீள்சுழற்சித் தொட்டிக்கு அனுப்புங்கள். தொட்டியை உடனே வெறுமையாக்க வேண்டாம்.

4. தொடக்கூடாதவை

● விண்டோஸ் கோப்புறையும் அதனுள் உள்ள சிஸ்டம்32 கோப்புறையும்.
● கொமன் பைல்ஸ் கோப்புறை. இதைப் பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும்.
● நிறுவனத்தின் பெயரிலுள்ள கோப்புறை. உதாரணமாக, அடோபி எனும் கோப்புறையினுள் அந்நிறுவனத்தின் பல மென்பொருள்கள் இருக்கலாம். நீக்கிய மென்பொருளுக்குரிய உட்கோப்புறையை மட்டும் அழியுங்கள்.
● பதிவேடு. வெறும் கோப்புறையை அகற்றுவதற்காக இதனைத் திருத்தத் தேவையில்லை.

5. மாதிரி வினா

மாணவி ஒருத்தி படம் வரையும் மென்பொருளொன்றை முறைப்படி நீக்கினாள். எஞ்சிய கோப்புறையைத் திறந்து பாராமலே ஷிப்ட், டிலீட் விசைகளை ஒன்றாக அழுத்தி அழித்தாள். அவளது செயற்றிட்டப் படங்களின் ஒரே பிரதி அதனுள் இருந்தது.

(அ) மென்பொருளை நீக்கியபோது படங்கள் அழியாதது ஏன்?
(ஆ) படங்கள் மீள்சுழற்சித் தொட்டியில் இல்லாதது ஏன்?
(இ) அவள் செய்திருக்க வேண்டிய இரண்டு முன்னேற்பாடுகளை எழுதுக.

விடைகள்

(அ) அவை பயனர் பின்னர் உருவாக்கிய கோப்புகள். நிறுவலின்போது பதியப்பட்ட பட்டியலில் அவை இல்லை.
(ஆ) அவ்விரு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் கோப்புகள் தொட்டிக்குச் செல்லாது நேரடியாக அழிக்கப்படும்.
(இ) காப்பு நகலெடுத்தல். கோப்புறையைத் திறந்து பரிசோதித்தல்.

கவனிக்க: யூஎஸ்பி பேனாத் தட்டிலிருந்து அழிக்கும் கோப்புகளும் பொதுவாகத் தொட்டிக்குச் செல்வதில்லை. (ஆ) போன்ற வினாக்களுக்கு "தவறுதலாக அழிந்தது" என எழுதினால் போதாது, காரணத்தைக் குறிப்பிடுங்கள்.