கோளாறு உடம்புல இல்ல கண்ணு, பட்டியில!

போன மாசம் சித்தி பொண்ணு கல்யாணத்துல உன்னைக் கவனிச்சுக்கிட்டேதான் இருந்தேன். முகூர்த்தத்துல ரெண்டு தடவை, பந்தியில ரசத்துக்கும் பாயசத்துக்கும் நடுவுல ஒரு தடவை, போட்டோவுக்கு நிக்கும்போது ஒரு தடவை. யாரும் பார்க்கலைன்னு நெனச்சு, கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய் மேலேறின பட்டியைக் கீழே இழுத்து விட்டே. ராத்திரி ரூம்ல புடவை மாத்தும்போது பார்த்தா, ரெண்டு தோள்லயும் செவந்துபோய் பள்ளம். "என்ன கண்ணு இது?"ன்னு கேட்டேன். "என் உடம்பு வாகே இப்படித்தான்க்கா, எந்த பிராவும் செட் ஆகாது"ன்னே.

உடம்பு வாகாவது ஒண்ணாவது! நீ போட்டிருந்தது 36 பி. அந்த 36 எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ப்ளவுஸ் தைக்க டெய்லர் அக்கா உனக்கு மார்பு சுத்தளவு 36-ன்னு நோட்டுல எழுதினாங்க. அம்மா அதே நம்பரைக் கடையில சொன்னாங்க. கடைக்காரர் உன்னை நிமிர்ந்துகூடப் பார்க்காம, மேல் தட்டுல இருந்து ஒரு டப்பாவை எடுத்து, பேப்பர்ல சுத்தி, கறுப்பு கவர்ல போட்டுக் குடுத்தார். என் கதையும் இதேதான். எனக்கு முப்பது வயசுக்கு மேலதான் விஷயமே புரிஞ்சுது. உனக்கு அவ்வளவு லேட்டாக வேண்டாம். கதவைத் தாழ் போட்டுட்டு வந்து உட்காரு, சொல்றேன்.

1. மொதல்ல டேப்பை எடு

ஒரு பிராவுக்கு ரெண்டு அளவு வேணும். நம்ம வீடுகள்ல ஒண்ணைத்தான் எடுக்கறோம். டெய்லர் டேப்ல இன்ச் ஒரு பக்கம், சென்டிமீட்டர் ஒரு பக்கம் இருக்கும். சென்டிமீட்டர் பக்கமா எடுத்துக்கோ, கணக்கு சுலபம்.

ஒண்ணு, மார்புக்குக் கீழே விலா எலும்பைச் சுத்தி. மூச்சை வெளியே விட்டுட்டு, டேப் தோலோட ஒட்டி இருக்கற மாதிரி எடு. ரெண்டாவது, மார்போட எடுப்பான இடத்தைச் சுத்தி. இதை மட்டும் இறுக்காம, சும்மா தொட்டுக்கிட்டு இருக்கற மாதிரி எடுக்கணும். பேட் வெச்ச பிரா போட்டுக்கிட்டு அளக்காதே, அளவு ஏமாத்தும். மெல்லிசான சாதா பிரா போட்டிருந்தா போதும். கண்ணாடி முன்னாடி நின்னுக்கோ. முதுகுல டேப் கீழே இறங்கிடுச்சுன்னா மொத்தமும் தப்பு.

பீரியட்ஸுக்கு முந்தின நாலஞ்சு நாள்ல அளக்க வேண்டாம். அப்போ நெறைய பேருக்கு மார்பு கனத்து வீங்கி இருக்கும்.

2. நம்பர் ஒரு சேதி, எழுத்து ஒரு சேதி

34-ங்கற நம்பர் பட்டியோட அளவு. அதாவது மார்புக்குக் கீழே எடுத்தது. ஆனா உன் டேப்ல அங்கே 34 இன்ச் வராது, வரவும் வேண்டாம். அந்தக் காலத்துல கீழ் அளவோட நாலஞ்சு இன்ச் கூட்டி நம்பர் போட்டாங்க. அந்தப் பழக்கம் லேபிள்ல அப்படியே தங்கிடுச்சு. அதனாலதான் டப்பாவுல 34-க்குப் பக்கத்துல 75-ன்னு சின்னதா ஒரு நம்பர் இருக்கும். அதுதான் நெஜமான சென்டிமீட்டர் கணக்கு.

கீழ் அளவு 68-ல இருந்து 72 செ.மீ. வரைக்கும் இருந்தா 32. 73-ல இருந்து 77 வரைக்கும் 34. 78-ல இருந்து 82 வரைக்கும் 36. 83-ல இருந்து 87 வரைக்கும் 38.

ஏ, பி, சி, டி-ங்கற எழுத்து கப்போட அளவு. இந்த எழுத்தெல்லாம் 1930-கள்ல அமெரிக்கக் கம்பெனிகள் கொண்டுவந்தது. மேல் அளவுல இருந்து கீழ் அளவைக் கழி. வித்தியாசம் 12-ல இருந்து 14 செ.மீ. வரைக்கும் இருந்தா ஏ. 14-16 பி, 16-18 சி, 18-20 டி. 'சி'ன்னா பெரிய மார்பு, 'ஏ'ன்னா சின்னதுன்னு நெனச்சுக்காதே. ஒல்லியா இருக்கறவளுக்கும் டி வரலாம், குண்டா இருக்கறவளுக்கும் ஏ வரலாம். எழுத்து வெறும் வித்தியாசத்தைத்தான் சொல்லுது.

இப்போ உன்னோட கணக்கைப் பாரு. அன்னைக்கு ராத்திரி நான் எடுத்தது: கீழே 74, மேலே 91. பட்டி 34. வித்தியாசம் 17, அப்போ கப் சி. நீ 34 சி. இத்தனை வருஷமா போட்டது 36 பி. அந்த 91 செ.மீ.தான் டெய்லர் அக்கா எழுதின 36 இன்ச். ப்ளவுஸ் நம்பரை பிரா நம்பராக்கினதுதான் மூல வியாதி!

கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். டப்பாவுக்குப் பின்னாடி இருக்கற அளவுப் பட்டியலை ஒரு தடவை பார்த்துடு.

3. கடைக்காரர் சொல்ற பாதி உண்மை

"34 சி இருக்கா?"ன்னு கேட்டா, நம்ம ஊர் ஃபேன்சி ஸ்டோர்ல பாதி இடத்துல ஒரே பதில்தான்: "சி இல்லம்மா, 36 பி எடுத்துக்கோ, ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் முழுசா பொய் சொல்லலை. 34 சி, 36 பி, 32 டி இது மூணும் கப் கொள்ளளவுல கிட்டத்தட்ட ஒண்ணு. இதுக்குப் பேரே 'சிஸ்டர் சைஸ்'. ஆனா அக்கா தங்கச்சின்னா ஒரே ஆள் ஆயிடுவாங்களா? கப் ஒண்ணா இருந்தாலும் பட்டி தளர்ந்துடும். பிராவுல மார்போட பாரத்தைப் பெரும்பாலும் தாங்கறது பட்டிதான், தோள் ஸ்ட்ராப் இல்லை. பட்டி தளர்ந்தா முதுகுல மேலே ஏறும். முன்னாடி எல்லாம் கீழே இறங்கும். இறங்குதேன்னு நீ ஸ்ட்ராப்பை இறுக்குவே. ஸ்ட்ராப் தோளை அறுக்கும். உன் தோள் பள்ளத்தோட முழு வரலாறும் இவ்வளவுதான் கண்ணு.

அவசரத்துக்கு வேற வழியே இல்லைன்னா, ஒரு படி மட்டும் நகரலாம். ரெண்டு படி வேண்டாம்.

4. போட்டுப் பார்க்கும்போது ஆறு சோதனை

கொக்கி: புது பிரா கடைசி வரிசையில, அதாவது இருக்கறதுலயே தளர்வான கொக்கியில சரியா நிக்கணும். துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் தளரும். அப்போ உள் வரிசைக்கு வரலாம். வாங்கும்போதே உள் கொக்கியில போட்டாத்தான் நிக்குதுன்னா, அது உனக்குப் பெருசு.

பட்டி: முன்னாடி, பின்னாடி ரெண்டும் ஒரே மட்டத்துல, தரைக்கு நேரா இருக்கணும். உள்ளே ரெண்டு விரல் போகணும், முழுக் கையும் போகக் கூடாது.

எடுத்து விடுறது: இதை யாருமே சொல்லித் தரமாட்டாங்க. கொக்கி போட்டதும் லேசா முன்னால குனி. வலது கையால இடது அக்குள் பக்கம் ஒதுங்கி இருக்கற சதையை கப்புக்குள்ள எடுத்து விடு. அதே மாதிரி மறுபக்கமும். "அக்குள்ல சதை போட்டுடுச்சு"ன்னு புலம்பறோமே, அதுல பாதி கப்புக்குள்ள இருக்க வேண்டியது.

கப்: மேல் விளிம்புல பிதுங்கி ரெண்டு மேடு மாதிரி தெரிஞ்சா கப் சின்னது. துணி சுருங்கித் தொளதொளன்னு நின்னா பெருசு. ஒரு பக்கம் மட்டும் தொளதொளன்னு இருந்தா பயப்படாதே. ரெண்டு மார்பும் அச்சு மாதிரி ஒரே அளவுல யாருக்கும் இருக்காது. பெரிய பக்கத்துக்கு வாங்கிட்டு, சின்ன பக்கத்து ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் ஏத்திக்கோ.

நடுப்பகுதி: கம்பி வெச்ச பிரான்னா ரெண்டு கப்புக்கு நடுவுல இருக்கற துண்டு நெஞ்செலும்புல படிஞ்சு நிக்கணும். கம்பி மார்பு மேலேயோ அக்குள்லயோ குத்துச்சுன்னா அந்த டப்பாவை மூடித் திருப்பிக் குடுத்துடு. சாதா காட்டன் பிராவுல நடுத்துண்டு லேசா விலகி நிக்கலாம், தப்பில்லை.

கை தூக்கு: பஸ் கம்பியைப் பிடிக்கற மாதிரி ரெண்டு கையையும் தூக்கு. உட்காரு, எந்திரி. பட்டி இடத்தை விட்டு நகராம இருந்தாத்தான் பில் போடணும்.

5. ட்ரையல் இல்லாத கடையில என்ன பண்றது?

"உள்ளாடைகள் மாற்றித் தரப்பட மாட்டாது"ன்னு போர்டு தொங்குற கடைதான் நம்ம ஊர்ல அதிகம். அங்கே அரை டஜன் மொத்தமா வாங்காதே. ஒண்ணே ஒண்ணு வாங்கு. ஒரு வாரம் போடு. சரியா இருந்தா அதே கம்பெனி, அதே மாடல்ல மீதியை வாங்கிக்கலாம். மாடல் நம்பர் லேபிள்ல இருக்கும், போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோ. துவைச்சா லேபிள் அழிஞ்சுடும்.

பெண்கள் நிக்கற கவுன்ட்டரா பார்த்துப் போ. ஆண்கள் இருந்தாலும் கூச்சப்பட்டு முணுமுணுக்காதே. "34 சி, பேட் இல்லாம, காட்டன்"ன்னு பருப்பு கேக்கற மாதிரி தெளிவாச் சொல்லு. நீ குரலைத் தாழ்த்தினா அவங்களும் கையில கிடைச்சதைக் கட்டிக் குடுத்து அனுப்பிடுவாங்க. ஆன்லைன்ல வாங்கினா, திருப்பி எடுப்பாங்களான்னு மொதல்ல படிச்சுட்டு அப்புறம் காசைக் கட்டு.

6. எதுக்கு எது?

தினசரி ஆபீஸுக்கு, நம்ம வெயிலுக்கு, பேட் இல்லாத காட்டன்தான் ராஜா. மெல்லிசான குர்த்திக்கும் டி-ஷர்ட்டுக்கும் தையல் கோடு தெரியாத டி-ஷர்ட் பிரா ஒண்ணு. வெள்ளைத் துணிக்கு உள்ளே வெள்ளை பிரா போட்டா பளிச்சுன்னு தெரியும். உன் தோல் நிறத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கறதை எடு.

புடவை ப்ளவுஸுக்கு அளவு குடுக்கும்போது, அந்தப் புடவைக்கு எந்த பிரா போடப்போறியோ அதைப் போட்டுக்கிட்டே போ. பழசைப் போட்டு அளவு குடுத்துட்டு, கல்யாணத்தன்னைக்கு புதுசு போட்டா ப்ளவுஸ் கப் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்.

ஓடறது, ஸ்கிப்பிங், ஜிம்முக்கு ஸ்போர்ட்ஸ் பிரா அவசியம். மார்புல தசை கிடையாது. தோலும் மெல்லிசான தசைநார்களும்தான் தாங்கிக்கிட்டு இருக்கு. குதிக்கும்போது சாதா பிரா தாங்காது.

7. பராமரிப்பு

குறைஞ்சது மூணு வெச்சுக்கோ. ஒண்ணையே தொடர்ந்து ரெண்டு நாள் போடாதே, எலாஸ்டிக் பழைய நிலைக்கு வர நேரம் வேணும். கையால துவை. மெஷின்ல போட்டே ஆகணும்னா கொக்கியை மாட்டி, வலைப் பையில போடு. முறுக்கிப் பிழியாதே. ஸ்ட்ராப்ல தொங்க விட்டா ஈர பாரத்துல நீண்டுடும், அதனால நடுப்பகுதியைக் கொடியில போட்டு நிழல்ல காய வை.

இன்னொண்ணு, அந்தத் துண்டுக்கு அடியில ஒளிச்சுக் காயப்போடற வேலையை விட்டுடு. உள்ளே ஈரம் நின்னு, அந்த நாத்தத்தோட போட்டுக்கிட்டுப் போறது நாமதான். மார்புக்குக் கீழே வேர்த்து, செவந்து, அரிப்பு வந்து ஒரு வாரத்துல போகலைன்னா தோல் டாக்டரைப் பாரு. பவுடரைக் கொட்டி மூடி வைக்காதே.

உள் கொக்கியிலயும் பட்டி தளர்ந்தா அந்த பிராவோட ஆயுசு முடிஞ்சுது. எடை ஏறி இறங்கினா, குழந்தை பொறந்தா, பால் நிறுத்தினா திரும்ப அளக்கணும். இல்லைன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை.

8. வாட்ஸ்அப் பயமுறுத்தல்

"கறுப்பு பிரா போட்டா கேன்சர், ராத்திரி போட்டா கேன்சர்"ன்னு பெரியம்மா அனுப்பினதை நீயும் எனக்கு அனுப்பினே. அப்படி எதுவும் இல்லை. அமெரிக்காவுல சியாட்டில்ல இருக்கற ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் 2014-ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. மாதவிடாய் நின்ன 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள்கிட்ட, கப் அளவு என்ன, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போடுவீங்க, கம்பி உண்டான்னெல்லாம் கேட்டுப் பார்த்தாங்க. மார்பகப் புற்றுநோய்க்கும் பிராவுக்கும் சம்பந்தம் தெரியலை. ராத்திரி போடறதும் கழட்டறதும் உன் சௌகரியம்.

ஆனா கட்டி தட்டுப்பட்டா, காம்புல நீரோ ரத்தமோ கசிஞ்சா, தோல் குழிஞ்சு ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆனா, பிராவை மாத்திப் பார்த்துக்கிட்டு இருக்காம நேரா டாக்டர்கிட்ட போ.

அவ்வளவுதான். ஆங், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். கல்யாணம் முடிஞ்ச மறுநாள் அம்மாவையும் உட்கார வெச்சு அளந்தேன். "பேத்தி எடுத்த வயசுல எனக்கு எதுக்குடி இதெல்லாம்"னு ஒரே வெட்கம். பல வருஷமா 40-ல இருந்தவங்களுக்கு வந்தது 36. நாலு நாள் கழிச்சு புதுசை வாங்கிக் குடுத்தேன். போட்டுக்கிட்டு சமையல்கட்டுக்குப் போனாங்க. மேல் அலமாரியில இருந்து முறுக்கு டப்பாவை ரெண்டு கையாலயும் எடுத்து, கீழே வெச்சு, திரும்ப மேலே வெச்சு, மறுபடியும் எடுத்தாங்க. "என்னம்மா தேடறே?"ன்னேன்.

"ஒண்ணுமில்ல, பட்டி மேலே ஏறுதான்னு பார்த்தேன். ஏறலை."

டேப் தையல் மெஷின் டிராயர்ல இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில கடைக்குப் போறோம். சாயங்காலக் கூட்டத்துல இதெல்லாம் நிதானமாப் பார்த்து வாங்க முடியாது.