மாமாங்கமும் மகாமகமும்
(குடந்தை நகர் காணச் செல்வோர்க்கு)

பன்னிரண்டு ஆண்டு கொண்ட காலவட்டத்தை 'ஒரு மாமாங்கம்' எனக் கூறுதல் தமிழ் மக்களின் பழவழக்கு. வியாழன் சிம்மராசியில் நிற்க, மாசித் திங்களில் மகநாளும் நிறைமதியும் கூடுங் காலத்துத் தீர்த்தமாடுதலை மாமகம் என்பர். அது வடமொழி வழக்கில் மகாமகமாயிற்று. மக்கள் நாவில் மாமாங்கமாயிற்று. இப்பெயர் தாங்கிய திருக்குளம் ஒன்று மட்டக்களப்பு வாவியை அடுத்த அமிர்தகழியில் உண்டு. மற்றொன்று காவிரி பாயுங் கும்பகோணத்தில் உண்டு. மலையாள நாட்டுத் திருநாவாயில், பாரதப்புழைக் கரையிற் பன்னீராண்டுக்கொருமுறை முற்காலத்து நிகழ்ந்த பெருவிழாவுக்கும் இதுவே பெயராகும்.

எம்மவர் இந்தியா செல்லுங்கால் மதுரை, தஞ்சை, சென்னை என்னும் நகரங்களையே நாடுவர். கும்பகோணத்துக்குச் செல்வோரும் அதனை நவக்கிரகத் தலங்களுக்குப் போகும் வழியில் இரவு தங்கும் இடமாகவே கொள்கின்றனர். வண்டி ஒன்றை வாடகைக்கமர்த்தி, ஒரே பகலில் ஒன்பது கோயில்களையும் 'முடித்துவிட்டோம்' என்று மகிழ்ந்துரைப்பாரை நாம் பலகாற் கண்டதுண்டு. கோயிலை முடித்தல் என்பது யாதென எமக்கு விளங்கவில்லை! ஆதலின், அமிர்தகழிச் சூழலிலிருந்து செல்லும் மாணவன் ஒருவன் குடந்தையில் எவற்றைக் காணல் வேண்டும், ஏன் காணல் வேண்டும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் பெயர். ஊழிக்காலத்து வெள்ளத்தில் மிதந்து வந்த அமுதகுடத்தைச் சிவபெருமான் வேடுவ வடிவங்கொண்டு அம்பெய்து உடைத்தனர் என்றும், சிந்திய அமுதம் மகாமகக் குளமும் பொற்றாமரைக் குளமுமாகத் தேங்கிற்று என்றும் தலபுராணம் கூறும். தேவாரம் இவ்வூரைக் குடமூக்கு என வழங்கும். அமுதந் தேங்கிய கழி அமிர்தகழி. அமுதந் தேங்கிய குளம் மகாமகம். எமது தீர்த்தத்துக்கு இராமனையும் அனுமனையும் இணைத்துக் கதை வழங்க, அவர்தம் தீர்த்தத்துக்குக் குடமும் அம்பும் கதையாயின. மற்றுமொரு வேற்றுமையுங் குறிக்கத்தக்கது. மாமாங்கேசுவரத்தில், மக்கள் அன்போடு மாமாங்கப் பிள்ளையார் என அழைக்கும் அக்கோயிலில், தீர்த்தம் ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று நிகழ்வது. பிதிர்க்கடன் செய்வோர் அன்று கூடுவர். குடந்தையிலோ மாசி மகம் ஆண்டுதோறும் வரினும், பெருவிழா பன்னீராண்டுக்கொரு முறையே. 1992, 2004, 2016 என்னும் ஆண்டுகளில் அது நிகழ்ந்தது. இனி வருவது 2028ஆம் ஆண்டிலாகும்.

மகாமகக் குளம் ஏறத்தாழ ஆறு ஏக்கர்ப் பரப்புடையது. அதன் கரைகளிற் பதினாறு மண்டபங்கள் நிற்கின்றன. தஞ்சை நாயக்க மன்னரிடம் அமைச்சராயிருந்த கோவிந்த தீட்சிதர் எடுப்பித்தவை அவை. வடகரையிற் காசி விசுவநாதர் கோயிலில் கங்கை முதலிய ஒன்பது நதிகள் கன்னியர் வடிவில் நிற்கக் காணலாம். திருவிழாக் காலத்தினும் சாதாரண நாளொன்றின் காலைப்பொழுதே இக்குளத்தைப் பார்க்க ஏற்றது என்பது எமது கருத்து. 1992ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆந் திகதி நிகழ்ந்த நெரிசலில் ஐம்பது பேரளவில் உயிர்துறந்தனர். அமைதியான காலையிற் படிக்கட்டின் அகலத்தையும் குளத்துக்கு இறங்கும் வழிகளையும் தன் கண்ணால் அளந்து பார்ப்பவனுக்கு, அத்துயரம் எவ்வாறு நேர்ந்ததென ஒருவர் சொல்லாமலே புலப்படும். ஆடி அமாவாசையன்று எமது குளக்கரையிலும் தொண்டர்கள் கயிறு கட்டி நிற்பதன் பொருளும் அப்போது நன்கு விளங்கும்.

கோயில்கள் யாவற்றையும் வரிசையாகக் கூறப் புகின் இம்மலர் போதாது. மூன்றினை மட்டும் எடுத்துரைப்போம். நாகேசுவரன் கோயிற் கருவறைப் புறச்சுவரில் ஆளுயரத்துக்குச் சற்றே குறைந்த ஆடவர் பெண்டிர் உருவங்கள் உள. முற்காலச் சோழர் சிற்பக் கலையின் சிகரங்களுள் அவற்றை வைத்தெண்ணுவர் அறிஞர். இரகுநாத நாயக்கர் காலத்து எழுந்த இராமசுவாமி கோயிலின் சுற்றுச்சுவரில் இராமாயணக் கதை ஓவியமாகத் தீட்டப்பெற்றுள்ளது. கதையறிந்த சிறுவனை அங்கே தனியே விட்டால் அவனே எமக்கு வழிகாட்டியாவான். நகருக்கு மேற்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்தது; 2004ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றது. அங்குச் செல்வோர் தேர்போல் அமைந்த மண்டபத்தின் குதிரைகளோடு நின்று நிழற்படமெடுத்துத் திரும்பிவிடுகின்றனர். விமானத்தின் அடிப்பகுதியைக் குனிந்து நோக்குவார் சிலரே. ஆண்டுத்தான் அறுபத்துமூன்று நாயன்மார் வரலாறும் சிறு சிறு கற்பலகைகளிற் செதுக்கப்பெற்றுள்ளது. சேக்கிழார் இரண்டாங் குலோத்துங்கன் காலத்தவர். கோயிலோ அவனுக்கு அடுத்த மன்னன் காலத்தது. பெரியபுராணம் ஓலையிற் பதிந்து ஒரு தலைமுறை செல்லுமுன் கல்லிலும் ஏறிற்று எனின், அந்நூலை நாடு எவ்வாறு ஏற்றுக்கொண்டதென்பதற்கு வேறு சான்று வேண்டா. வகுப்பறையில் நாம் ஒரு தவணை முழுதும் கூறுவதை அக்கற்கள் அரைமணி நேரத்திற் கூறிவிடும்.

இனி, தமிழ் கற்பிப்போர்க்குக் குடந்தை ஏன் சிறந்தது என்பதற்கு வருவோம். இழந்த நூல்களைத் தமிழர் மீளப்பெறத் தொடங்கிய ஊர் இது. சாரங்கபாணி கோயிற் பெருமானாகிய ஆராவமுதன்மீது நம்மாழ்வார் பாடிய பத்துப் பாடல்களை யாத்திரிகர் சிலர் ஓதக்கேட்ட நாதமுனிகள், எஞ்சியவை எங்கே என வினவிச் சென்று நாலாயிரத்தையும் மீட்டனர் என்பது வைணவ மரபு. ஈங்கும் அமுதம் என்னும் சொல்லே முன்னிற்பது காண்க.

இரண்டாவது மீட்பு 1880ஆம் ஆண்டினது. அவ்வாண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரித் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அந்நகருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளும் கோவைகளும் புராணங்களும் இவையென ஐயர் அடுக்க, முதலியார் அவற்றைப் பெரிதாகக் கொள்ளாது, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டோ என வினவினர். அவ்வொரு வினாவே ஐயரின் வாழ்க்கையைத் திருப்பிற்று. சைவச் சூழலில் வளர்ந்த அவர் குடந்தையில் வாழ்ந்த சமணர் இல்லங்களுக்குச் சென்று அவர்தம் சமயக் கருத்துக்களைப் பணிந்து கேட்டறிந்தார். 1887இற் சிந்தாமணியும், பின்னர்ப் பத்துப்பாட்டும், சிலப்பதிகாரமும், புறநானூறும், மணிமேகலையும் அவர் குடந்தை ஆசிரியராயிருந்த காலத்திலேயே அச்சேறின. அதே காலத்தில் அந்நகரில் வழக்கறிஞராயிருந்து பழந்தமிழேடுகளைத் தேடியவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. கலித்தொகையை அவர் 1887இற் பதிப்பித்தனர். ஈழத்தவர் ஒருவரும் தஞ்சை நாட்டவர் ஒருவரும் ஒரே ஊரிலிருந்து செல்லுக்கும் சிதலுக்கும் எதிராகப் போராடினர் என்பது நாம் பெருமிதங் கொள்ளத்தக்க செய்தி.

அக்கல்லூரி காவிரிக் கரையில் இன்றும் உளது. கணித மேதை இராமானுசன் அங்கே பயின்று, கணிதமொழிந்த பாடங்களிற் கவனஞ் செலுத்தாமையால் உதவிப்பணத்தை இழந்தமை எல்லாரும் அறிந்ததே. சாரங்கபாணி சந்நிதித் தெருவில் அவர் வாழ்ந்த சிறுவீடு நினைவில்லமாகப் பேணப்படுகின்றது. தேர்வுப்புள்ளி கொண்டே மாணவரை அளக்கும் ஆசிரியர் அத்திண்ணையிற் சிறிதுநேரம் அமர்ந்திருத்தல் நன்று.

மூன்றாவது மீட்பு எம்மவர் ஒருவருடையது. காரைதீவிற் பிறந்து, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராகிய விபுலாநந்த அடிகள், மறைந்துபோன யாழ்க் கருவிகளின் இலக்கணத்தைச் சிலப்பதிகாரத்திலிருந்து ஆராய்ந்து யாழ்நூல் யாத்தனர். சிலப்பதிகாரம் ஐயர் கைப்பட்டு அச்சேறியிராவிடின் அவ்வாராய்ச்சி எவ்வாறு இயன்றிருக்கும்? அந்நூல் 1947 யூன் மாதத்தில் அரங்கேறிய இடம் திருக்கொள்ளம்பூதூர். இன்றைய திருவாரூர் மாவட்டத்தில், குடந்தைக்குத் தெற்கே உள்ள தேவாரத் தலம். சம்பந்தர் பெருவெள்ளத்தில் ஓடம் விட்ட ஊர் அது. அரங்கேற்றத்தின்பின் இரு மாதமும் நிறையுமுன் அடிகள் இறையடி சேர்ந்தனர். கல்லடி உப்போடையில் அவர் சமாதியை வணங்கிய மட்டக்களப்பு மாணவன் திருக்கொள்ளம்பூதூர்க்கும் ஒருமுறை செல்லல் வேண்டும். நவக்கிரகச் சுற்றுலாவில் அது சேராது. தனியே வண்டி பேசிக்கொள்ள வேண்டியதே.

ஒன்று கூறாது விடுதற்கியலாது. 2004ஆம் ஆண்டு யூலை 16இற் குடந்தைப் பாடசாலை ஒன்றிற் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. சமையற் கொட்டகையில் எழுந்த நெருப்பு கூரைக்குத் தாவிற்று. ஆண்டுதோறும் அந்நாளிற் பெற்றோர் கூடி விளக்கேற்றுகின்றனர். அவ்வாண்டு திசெம்பர் 26இல் நாவலடியில் நாம் இழந்தவற்றை எண்ணுவோர்க்கு அவ்விளக்குகளின் பொருளை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

செல்லும் வழிபற்றிச் சில சொற்கள். தலைமன்னார், தனுஷ்கோடி வழியாகக் கப்பலும் இரயிலும் மாறிச்சென்ற காலம் 1964 திசெம்பர்ப் புயலோடு முடிந்தது. 2023 ஒக்டோபரிற் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் தொடங்கிற்று. இடையிடையே நிற்பதாகலின் முன்னரே விசாரித்தல் வேண்டும். விமானத்தில் திருச்சிராப்பள்ளி சென்று, அங்கிருந்து தஞ்சை வழியாக இரயிலிற் செல்வதே எளிது. மூன்று நாளேனும் தங்குக.

இறுதியாக ஒரு வேண்டுகோள். எமது பகுதிக் கண்ணகை அம்மன் கோயில்களிலே வைகாசிச் சடங்கிற் பாடப்பெறும் வழக்குரை ஏடுகளும், மருத்துவ ஏடுகளும் இன்னும் சில இல்லங்களிற் பரண்மீது கிடக்கின்றன. பழைய மாணவர் தம் வீட்டில் உள்ளனவற்றைப் படமெடுக்க இசைவரேல், கல்லூரித் தமிழாசிரியர் அறையிற் பெயர் தரலாம். ஏட்டை எவரும் கொடுத்துவிட வேண்டியதில்லை. பரணில் ஏறி இறக்கித் தருதற்கு ஒரு பிற்பகல் ஒதுக்கினாற் போதும். துடைப்பதற்கு வேண்டிய எண்ணெயும் துணியும் மாணவர் கொண்டுவருவர்.