129-ஐ இப்போது வாங்காதே

சென்னை

அன்பு மருமகனுக்கு,

உன் மின்னஞ்சல் வந்தது. படிக்கப் போன ஊரில் பழைய காமிக்ஸ் கடை ஒன்றைக் கண்டுபிடித்ததையும், பனிஷர் இதழ்களைச் சேர்க்கப் போவதையும் எழுதியிருந்தாய். உன் அம்மாவிடம் சொன்னேன். "உன்னை மாதிரியே ஆகிறான்" என்றாள். எனக்கு அதில் சந்தோஷம்தான். நியூ ஜெர்சியில் வேலை பார்த்த காலத்தில் என் சனிக்கிழமைகளில் பாதி, அப்படிப்பட்ட கடைகளின் நீளப் பெட்டிகளுக்கு முன்னால் குனிந்தபடியே போனது.

கடைசி வரியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: முதலில் 129-ஐ வாங்கிவிட்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா? வேண்டாம். இப்போது வேண்டாம். காரணம் பணம் மட்டும் என்று நினைத்துவிடாதே. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

129 என்பது 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' தொடரின் 129-ஆம் இதழ். அட்டையில் பிப்ரவரி 1974 என்றிருக்கும். விலை 20 சென்ட். இன்று சுமாரான பிரதிக்கே உன் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்பார்கள். ஜெர்ரி கான்வே எழுதி, ராஸ் ஆண்ட்ரூ வரைந்தது. பனிஷர் முதன்முதலில் தலைகாட்டுவது அதில்தான். ஆனால் நீ தேடும் ஆள் அதில் இல்லை. ஸ்பைடர்மேனைக் கொலைகாரன் என்று நம்ப வைத்து, ஜாக்கல் என்ற வில்லன் ஏவிவிட்ட துப்பாக்கிக்காரன் ஒருவன் வருகிறான். தான் ஏமாற்றப்பட்டதைக் கடைசியில் உணர்ந்து போய்விடுகிறான். அவ்வளவுதான். செத்துப்போன மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை, அவனை அப்படி ஆக்கிய அந்தப் பூங்காவும் இல்லை. கான்வே முதலில் யோசித்து வைத்திருந்த பெயர் 'அசாசின்'. 'பனிஷர்' என்று மாற்றியவர் ஸ்டான் லீ. கான்வே தன் ஓவியக் குறிப்பில் மார்பின் ஓரத்தில் சிறிய மண்டையோடு ஒன்றைத்தான் போட்டிருந்தார். ஜான் ரொமிட்டா சீனியர் அதை மார்பு முழுக்கப் பெரிதாக்கி, பற்களை இடுப்பு வரை இறக்கித் தோட்டா வார் ஆக்கினார். ஐம்பது ஆண்டுகளாக உலகம் முழுக்கச் சட்டைகளில் திரியும் அந்தச் சின்னம் பிறந்தது இப்படித்தான்.

அவன் கதை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், 1975-இல் வந்த 'மார்வெல் ப்ரிவ்யூ' இரண்டாம் இதழைக் காட்டுவேன். கறுப்பு வெள்ளை, காமிக்ஸைவிடப் பெரிய பத்திரிகை அளவு. அந்தப் பத்திரிகைகள் காமிக்ஸ் தணிக்கைக் குழுவின் முத்திரை இல்லாமல் வந்தவை. அதனால்தான் சென்ட்ரல் பார்க்கில் ஒரு குடும்பம் சுட்டுக் கொல்லப்படுவதை அங்கே சொல்ல முடிந்தது. வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய ஃபிராங்க் காசில், மனைவி பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போகிறான். மாஃபியா கும்பலின் கொலை ஒன்றைப் பார்த்துவிட்டதற்காகக் குடும்பமே சாகிறது, அவன் மட்டும் பிழைக்கிறான். இந்த இதழின் விலை 129-இன் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. முதல் தோற்றத்துக்குச் சந்தை விலை வைக்கிறது. கதைக்கு விலை வைக்க வேண்டியவன் நீ.

அடுத்த பத்தாண்டு அவனை என்ன செய்வதென்று எழுத்தாளர்களுக்கே தெரியவில்லை. பிறர் தொடர்களில் விருந்தாளியாக வந்து போனான். 1982-இல் ஃபிராங்க் மில்லர் 'டேர்டெவில்' 183, 184-இல் அவனைக் கொண்டுவந்தார். இரண்டும் வாங்கத் தக்கவை. மறு ஆண்டே 'ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன்' 81 முதல் 83 வரை, குப்பை போட்டவர்கள்மீதுகூடத் துப்பாக்கி நீட்டும் பைத்தியக்காரனாகிவிட்டான். 1986-இல் ஸ்டீவன் கிராண்ட் எழுதி மைக் ஸெக் வரைந்த குறுந்தொடர் வந்தது. சிறையில் அவனுக்கு மருந்து கொடுத்திருந்தார்கள் என்று காரணம் சொல்லி, அவனை மீட்டெடுத்து, கதையின் நடுவில் உட்கார வைத்தது அதுதான். இங்கே ஒரு எச்சரிக்கை. முதல் இதழின் அட்டையில் 'நான்கு இதழ்த் தொடர்' என்று அச்சாகியிருக்கும். வந்தவை ஐந்து. நான்கைக் கட்டி 'முழு செட்' என்று யாராவது நீட்டினால், ஐந்தாவது எங்கே என்று கேள்.

பிறகு வெள்ளம். 1987-இல் தொடங்கிய தனித்தொடர் 104 இதழ். 1988-இல் தொடங்கிய 'வார் ஜர்னல்' 80. 1992-இல் வந்த 'வார் ஸோன்' 41. மூன்றும் 1995-இல் நின்றன. நாளைக்கு விலை ஏறும் என்று ஒரே இதழை ஐந்தும் பத்துமாக வாங்கி உறையில் போட்டுப் பூட்டியவர்களின் காலம் அது. வெட்டிய அட்டை, பளபளக்கும் அட்டை என்று பதிப்பகங்களும் அவர்களுக்கேற்ப அச்சடித்தன. எல்லாரும் பத்திரப்படுத்தியதால் எதுவும் அரிதாகவில்லை. சந்தை சரிந்தது. 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் மனு போட்டது. அந்த 225 இதழ்களில் பெரும்பாலானவை இன்று ஒரு டாலர் பெட்டியில் கிடக்கின்றன. வருத்தப்படாதே. உன்னைப் போன்ற மாணவனுக்கு அந்தப் பெட்டிதான் பள்ளிக்கூடம்.

அதில் நீ முதலில் தேட வேண்டிய ஜோடி ஒன்று உண்டு. தனித்தொடரின் 10-ஆம் இதழும், 'டேர்டெவில்' 257-உம். இரண்டும் 1988. மருந்து மாத்திரைகளில் விஷம் கலந்து முகம் தெரியாதவர்களைக் கொல்கிறான் வேலையிழந்த ஒருவன். பனிஷர் அவனைக் கொல்லத் தேடுகிறான். பார்வையற்ற வழக்கறிஞனான டேர்டெவில், அவனைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தத் தேடுகிறான். இருவரும் மோதுகிறார்கள். அதே மோதலை மைக் பேரன் ஒரு இதழில் பனிஷரின் பக்கமிருந்தும், ஆன் நோசென்டி மற்ற இதழில் டேர்டெவிலின் பக்கமிருந்தும் எழுதினார்கள். முதல் இதழை மட்டும் படித்தவன் ஒரு முடிவுக்கு வருவான். இரண்டையும் படித்தவனுக்கு அன்றிரவு தூக்கம் சுலபமாக வராது. நான் அவற்றை வாங்கிய நாளில்தான் எனக்குப் புரிந்தது: பனிஷரைச் சேர்ப்பது என்றால், அவனைப் பற்றி எழுத்தாளர்கள் நடத்திவரும் நெடிய வழக்கின் ஆவணங்களைச் சேர்ப்பது. அவன் செய்வது நீதியா, தீராத துக்கமா, வெறும் நோயா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் எழுதியிருக்கிறார்கள். எண் வரிசையில் சேர்க்காதே. எழுத்தாளர் வரிசையில் சேர்.

அந்த வழக்கில் மிக நீண்ட வாதத்தை வைத்தவர் கார்த் என்னிஸ், வட அயர்லாந்துக்காரர். 2000-இல் ஸ்டீவ் டில்லனோடு 'வெல்கம் பேக், ஃபிராங்க்' என்று 12 இதழ்கள் எழுதினார். கொடூரமும் நகைச்சுவையும் கலந்த படைப்பு. நல்லதுதான், ஆனால் அவருடைய சிகரம் அது இல்லை. 2003-இல் வந்த 'பார்ன்' நான்கே இதழ். 1971-ஆம் ஆண்டின் வியட்நாமில், குடும்பம் சாவதற்குப் பல ஆண்டுகள் முன்னாலேயே, இந்த மனிதனுக்குள் போர் குடியேறிவிட்டது என்கிறது. அப்படியானால் பூங்காவில் நடந்தது காரணமா, சாக்கா? பதிப்பகம் முப்பது ஆண்டு நம்பிய தொடக்கக் கதையையே அசைத்துப் பார்த்த எழுத்து அது. 2004-இல் தொடங்கிய 'மேக்ஸ்' வரிசையில் என்னிஸ் 60 இதழ்கள் எழுதினார். பறக்கும் வீரர்கள் கிடையாது. காசிலுக்கு வயதாகிறது. 25 முதல் 30 வரையிலான 'தி ஸ்லேவர்ஸ்', கிழக்கு ஐரோப்பியப் பெண்களைக் கடத்தி விற்கும் கும்பலைப் பற்றியது. காமிக்ஸில் நான் படித்தவற்றில் மிகக் கனமான ஆறு இதழ்கள். வயது வந்தோருக்கானவை என்பதை அட்டையே சொல்லும். உன் தங்கை கைக்கு எட்டும்படி வைக்காதே. இவற்றைத் தனித்தனி இதழாக வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. தொகுப்பு நூலாக வாங்கு. படிக்கும் பிரதி வேறு, பாதுகாக்கும் பிரதி வேறு.

மண்டையோட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அங்கே நீ அதை வண்டிகளின் பின்கண்ணாடியிலும் காவலர்களின் பொருட்களிலும் பார்ப்பாய். 2017-இல் கென்டக்கி மாநிலத்தில் ஒரு சிற்றூர்க் காவல் துறை தன் வண்டிகளிலேயே ஒட்டி, எதிர்ப்பு வந்ததும் எடுத்தது. பனிஷர் என்பவன் சட்டம் தோற்ற இடத்தில் முளைத்தவன், சட்டத்தின் காவலர்கள் அவன் சின்னத்தை அணிவது தவறு என்று கான்வே திரும்பத் திரும்பச் சொன்னார். 2020-இல் அந்தச் சின்னத்தைக் கறுப்பின உரிமை இயக்கத்துக்கு நிதி திரட்டும் சட்டைகளாக மாற்றவும் முயன்றார். 2018-இல் தொடங்கிய தொடரின் 13-ஆம் இதழில் பனிஷரே, தன்னை ரசிக்கும் காவலர்களின் வண்டியிலிருந்து அந்த ஒட்டுப்படத்தைக் கிழித்தெறிகிறான். உங்களுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் கேப்டன் அமெரிக்காவைப் பாருங்கள் என்கிறான். 2022-இல் மார்வெல் சின்னத்தையே கொம்பு வைத்த வேறொரு வடிவத்துக்கு மாற்றியது. இந்த 13-ஆம் இதழ் மலிவானது. உன் பெட்டியில் அது கட்டாயம் இருக்க வேண்டும். கதை படிக்காதவன் கையில் அந்தச் சின்னம் வெறும் மிரட்டல். உன்னிடம் யாராவது அதைப் பற்றிக் கேட்டால், எடுத்து நீட்ட உன்னிடம் ஓர் இதழ் இருக்கட்டும்.

இனி வாங்கும் வேலை. எழுபதுகளின் ஓர் இதழை நான் ஆசை அவசரத்தில் வாங்கி வந்தேன். முதுகுப் பக்கம் அத்தனை கறுப்பாக, அத்தனை புதிதாக இருந்தது. வீட்டில் விளக்கொளியில் அட்டையின் உட்புறத்தைப் பார்த்தபோது, தேய்ந்த இடங்களில் மார்க்கர் பேனா மை ஊறிக் கசிந்திருந்தது. வெளுத்த கோடுகளை யாரோ பூசி மறைத்திருக்கிறார்கள். இப்படித் தொட்ட பிரதிக்கு மதிப்பு பாதிக்கும் கீழே போய்விடும். அன்றிலிருந்து அட்டையின் உட்புறம் பார்க்காமல் நான் எதையும் வாங்கியதில்லை. பின் துருப்பிடித்திருக்கிறதா, நடுத்தாள் பின்னோடு சேர்ந்திருக்கிறதா, விளம்பரக் கூப்பன் எதையாவது வெட்டியிருக்கிறார்களா என்று பக்கம் பக்கமாகப் பார். மறுபதிப்புகளும் உண்டு. 129-ஐ 'மார்வெல் டேல்ஸ்' 106-இல் மறுபடி அச்சிட்டார்கள். பழைய அட்டையையே போட்ட நகல் பதிப்புகளும் வந்திருக்கின்றன. உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்தைப் படித்தால் குழப்பம் தீரும். எண்பதுகளின் இதழில் அட்டையின் கீழ்மூலைக் கட்டத்தைக் கவனி. பார்கோடு இருந்தால் பெட்டிக்கடையில் விற்றது. ஸ்பைடர்மேன் தலையோ வேறு படமோ இருந்தால் காமிக்ஸ் கடைக்குப் போனது. பெட்டிக்கடைப் பிரதிகள் கைபட்டுக் கசங்கின, விற்காதவை திரும்பிப் போய் அழிந்தன. அதனால் நல்ல நிலையில் கிடைப்பது குறைவு.

பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுத் தரும் சிஜிசி போன்ற நிறுவனங்களின் பிரதிகளைப் பார்த்திருப்பாய். 129 போன்ற விலை உயர்ந்த ஒன்றை வாங்கும் நாள் வந்தால் அப்படித்தான் வாங்க வேண்டும். பூச்சு, வெட்டு எல்லாவற்றையும் அவர்கள் சோதித்திருப்பார்கள். ஐந்து டாலர் இதழுக்கு அது வீண் செலவு. கூட்டை உடைக்காமல் படிக்கவும் முடியாது.

பாதுகாப்பில் சோம்பல் கூடாது. சிறுவயதில் கிழிந்த முத்து காமிக்ஸை செல்லோடேப் போட்டு ஒட்டினேன். சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்தது, பழுப்புக் கறை மட்டும் எழுத்தின்மேல் நிரந்தரமாகத் தங்கியது. அந்தத் தாளே அமிலம் உள்ளது, வெளிச்சமும் ஈரமும் சூடும் அதை விரைவாகத் தின்னும். மைலார் உறையும் அமிலமில்லாத அட்டையும் வாங்கு. 1974 இதழ் இன்றைய இதழைவிடச் சற்று அகலம், தற்கால அளவு உறையில் திணித்தால் ஓரம் மடங்கும். பெட்டியில் நிமிர்த்தி வை. சாயாத அளவுக்கு நிறைத்து, விரல் நுழையும் அளவுக்கு இடம் விடு. நிலவறையில் வைக்காதே. இங்கே சென்னை ஈரத்தில் நான் படும் பாடு உனக்கு அங்கே இல்லை. மழைக்காலம் வந்தால் பின் துருவுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் பயந்து, மாதம் ஒருமுறை பெட்டிகளைத் திறந்து பார்க்கிறேன்.

மாதம் இருபது டாலர் ஒதுக்கு, அதற்குமேல் வேண்டாம். படிப்புக் கடன் இருக்கும்போது யாரும் 129 வாங்கக் கூடாது. வாங்கியதைத் தேதி, விலை, கடை, நிலை என்று ஒரு நோட்டில் எழுதி வை. படித்த பிறகு தோன்றியதையும் இரண்டு வரி எழுது.

இந்தச் சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போ. பனிஷர் 10, டேர்டெவில் 257, இரண்டையும் கேள். ஒரே நாளில், எதை முதலில் எடுத்தாலும் சரி, இரண்டையும் படித்துவிட்டு, யார் பக்கம் நியாயம் என்று உனக்குப் பட்டதை எனக்கு எழுது. 129-ஐப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

அன்புடன்,
உன் மாமா