புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் யார்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் இரண்டு வகைச் செய்திகள் சுற்றத் தொடங்கிவிடும். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இயேசுவை நேரில் கண்டவர்களே கைப்பட எழுதினார்கள், அதில் சந்தேகம் எழுப்புவதே தவறு என்பது ஒரு வகை. ரோமப் பேரரசர் ஒருவர் அரசியல் லாபத்துக்காகத் தயாரித்த புத்தகம் அது என்பது இன்னொரு வகை. நம்மிடம் உள்ள கையெழுத்துப் பிரதிகளும், முதல் நான்கு நூற்றாண்டுத் திருச்சபை எழுத்தாளர்களின் சாட்சியமும் இந்த இரண்டையுமே ஆதரிக்கவில்லை. கோடிக்கணக்கானவர்கள் புனிதமாகப் போற்றும் நூல் இது. அதைப் பற்றிப் பேசும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

நம்பிக்கை 1: கி.பி. 325இல் நைசியா சங்கத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைன் வாக்கெடுப்பு நடத்தி, பைபிளில் எந்தெந்த நூல்கள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

உண்மை: இன்றைய துருக்கியில் உள்ள நைசியாவில் பிஷப்புகள் கூடியதற்கு முக்கியக் காரணம், ஆரியஸ் என்ற குருவின் போதனை கிளப்பிய சர்ச்சை. கிறிஸ்து பிதாவுக்கு நிகரானவரா, பிதாவால் படைக்கப்பட்டவரா என்பதே வழக்கு. ஈஸ்டர் தேதியைப் பற்றியும் பேசினார்கள். 20 சட்டவிதிகளை இயற்றினார்கள். அவற்றில் ஒன்றுகூட வேதநூல்களின் பட்டியலைத் தொடவில்லை. நூல்களையெல்லாம் பலிபீடத்தருகே வைத்து ஜெபித்தபோது போலியானவை கீழே போய்விட்டன என்றொரு கதை உண்டு. சங்கம் முடிந்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட கிரேக்க நூல் ஒன்று சொல்லும் கதை அது. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அதை எடுத்துப் பரப்பினார். 2003இல் வந்த ‘தி டாவின்சி கோட்’ நாவல், பைபிளைத் தொகுத்ததே கான்ஸ்டன்டைன்தான் என்ற எண்ணத்தை உலகெங்கும் கொண்டுபோனது.

நற்செய்திகள் நான்குதான் என்று லியோன் நகர பிஷப் ஐரேனியஸ் வாதிட்டது சுமார் 180இல். கான்ஸ்டன்டைன் அப்போது பிறக்கவே இல்லை. இன்றுள்ள 27 நூல்களையும் கூடாமல் குறையாமல் சொல்லும் பட்டியல், அலெக்ஸாந்திரியா பிஷப் அத்தனாசியஸ் 367இல் எழுதிய ஈஸ்டர் மடலில் இருக்கிறது. கான்ஸ்டன்டைன் இறந்து அப்போது 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. இடைப்பட்ட காலத்தில் எந்த நூல் வாசிக்கத் தக்கது என்பதை ஊர் ஊராகச் சபைகளே பேசிப் பேசி முடிவுக்கு வந்தன.

நம்பிக்கை 2: மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நால்வரும் தாங்கள் நேரில் பார்த்ததைப் பெயர் சொல்லி எழுதினார்கள்.

உண்மை: நான்கு நூல்களிலும் தலைப்பை விட்டுவிட்டு உள்ளே தேடினால், எழுதியவர் தன் பெயரைச் சொல்லும் இடம் எங்கும் இல்லை. கண்கண்ட சாட்சிகள் சொன்னதை விசாரித்து எழுதுவதாகவே லூக்கா நூலின் முன்னுரை கூறுகிறது. யோவான் நூலின் கடைசி அதிகாரம் ஒரு சீடரைச் சாட்சியாகக் காட்டினாலும் அவர் பெயரைச் சொல்லவில்லை. மாற்கும் லூக்காவும் பன்னிரு சீடர்களில் அடங்காதவர்கள் என்பதை மரபே ஒப்புக்கொள்கிறது.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹியராபொலிஸ் நகர பிஷப்பாக இருந்த பாப்பியாஸ், பேதுரு சொல்லக் கேட்டவற்றை மாற்கு எழுதினார், ஆனால் வரிசைப்படி எழுதவில்லை என்று குறித்திருக்கிறார். அவருடைய நூல் அழிந்துவிட்டது. நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசிபியஸ் மேற்கோள் காட்டியதால் இந்தக் குறிப்பு பிழைத்தது. மாற்கில் உள்ளதில் சுமார் 90 சதவீதம் மத்தேயுவிலும் இருக்கிறது, பல இடங்களில் சொல்லுக்குச் சொல். நேரில் கண்ட சீடர் ஒருவர், நேரில் காணாத ஒருவரின் நூலை இவ்வளவு சார்ந்திருப்பாரா என்பதே ஆய்வாளர்களின் கேள்வி. மறுபக்கமும் உண்டு. பெயர்களைக் கற்பனையாகச் சூட்டுவதென்றால் பேதுருவின் பெயர் இருக்க, அவ்வளவு புகழில்லாத மாற்கையும் லூக்காவையும் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? ஆகவே மரபை அப்படியே உண்மை என்றும் சொல்ல முடியாது, வெறும் புனைவு என்றும் தள்ள முடியாது.

நம்பிக்கை 3: யோவான் நற்செய்தியின் 125ஆம் ஆண்டுப் பிரதி இங்கிலாந்தில் இருக்கிறது, அதனால் ஆசிரியர் யார் என்ற கேள்வி முடிந்துவிட்டது.

உண்மை: மான்செஸ்டரில் உள்ள ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் பி52 என்ற பாப்பிரஸ் துண்டு இருக்கிறது. உயரம் சுமார் 9 செ.மீ., அகலம் 6 செ.மீ.; உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பக்கத்துக்கு ஏழு வரி, எல்லாமே அரைகுறை. பிலாத்து இயேசுவை விசாரிக்கும் காட்சியின் சில சொற்கள் தெரிகின்றன. இருபுறமும் எழுத்து இருப்பதால் இது சுருளிலிருந்து வந்ததல்ல, ஏடுகளைச் சேர்த்துத் தைத்த புத்தகத்தின் ஒரு தாள் என்பது தெளிவு. எகிப்தில் 1920இல் வாங்கப்பட்ட இதை அடையாளம் கண்டு 1935இல் வெளியிட்டவர் காலின் ராபர்ட்ஸ்.

துண்டில் தேதி கிடையாது. எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான் காலம் கணித்தார்கள். கையெழுத்தை வைத்து ஓர் ஆண்டைக் குறிப்பிட முடியாது, மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைகூட வாய்ப்புண்டு என்று இன்று பல அறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். ஆசிரியர் பெயரும் அதில் இல்லை. புதிய ஏற்பாட்டு நூல் எதற்குமே மூலப் பிரதி கிடைக்கவில்லை. இருப்பவை எல்லாம் பிரதிகளின் பிரதிகள்.

நம்பிக்கை 4: பவுல் பெயரில் உள்ள கடிதங்கள் ஒன்று எல்லாம் அவருடையவை, அல்லது எல்லாம் போலி.

உண்மை: பவுலின் பெயர் தாங்கியவை 13 நிருபங்கள். ரோமர், 1, 2 கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கேயர், பிலேமோன் என ஏழைப் பவுலே எழுதினார் என்பதில் ஆய்வாளர்களிடையே ஏறக்குறைய கருத்து வேறுபாடே இல்லை. நடை, சொற்கள், அவை காட்டும் சபை நிர்வாகம் ஆகியவற்றை வைத்துத் தீமோத்தேயு, தீத்து நிருபங்களைப் பெரும்பாலோர் பிற்காலத்தவை என்கிறார்கள். எபேசியர், கொலோசெயர், 2 தெசலோனிக்கேயர் பற்றி விவாதம் ஓயவில்லை. எபிரெயர் நிருபத்தில் பெயரே இல்லை. அதை எழுதியவர் யார் என்பது கடவுளுக்கே தெரியும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆரிஜன் சொல்லிவிட்டார்.

அந்தக் காலத்தில் இன்னொருவர் பெயரில் எழுதுவது சகஜம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும் சிலர் சமாதானம் சொல்வார்கள். ஆனால் பவுல் மீதிருந்த பாசத்தால் அவரைப் பற்றிக் கதை புனைந்ததாக ஒப்புக்கொண்ட ஆசிய மாகாணத்து மூப்பர் ஒருவர் பதவியை இழந்தார் என்று தெர்த்துல்லியன் பதிவு செய்திருக்கிறார். நோக்கம் நல்லதாக இருந்தும் சபை அதை ஏற்கவில்லை.

நம்பிக்கை 5: யார் எழுதினார் என்று ஆராய்வது மதத்தைக் கெடுக்க நவீன மேற்குலகம் கண்டுபிடித்த வேலை.

உண்மை: மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் எகிப்தின் அர்சினோய் பகுதியில் வெளிப்படுத்தின விசேஷம் பற்றிப் பெரிய பிணக்கு. அலெக்ஸாந்திரியா பிஷப் டியோனிசியஸ் அங்கே போய், காலை முதல் மாலை வரை மூன்று நாள் ஊர் மூப்பர்களோடும் சகோதரர்களோடும் உட்கார்ந்து பேசினார். பிறகு அந்த நூலை யோவான் நற்செய்தியோடு வைத்து ஒப்பிட்டு எழுதினார். நற்செய்தியாளர் தன் பெயரை எங்கும் சொல்வதில்லை, வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதியவரோ திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஜீவன், ஒளி, சத்தியம் என்று நற்செய்தியிலும் யோவானின் முதல் நிருபத்திலும் ஓடிவரும் கருத்துகள் இதில் இல்லை. அங்கே கிரேக்கம் பிசகில்லாமல் இருக்கிறது, இங்கே இலக்கணப் பிழைகள் மலிந்திருக்கின்றன. எபேசுவில் யோவானுடையவை எனப்படும் கல்லறைகளே இரண்டு உண்டு என்பதையும் எடுத்துக்காட்டி, இதை எழுதியவர் வேறொரு யோவான் என்ற முடிவுக்கு வந்தார். ஆனாலும் நூலைத் தூக்கி எறிய அவர் துணியவில்லை. சகோதரர்கள் மதிக்கும் நூல், அதன் ஆழம் தன் அறிவுக்கு எட்டாமல் இருக்கலாம் என்று பணிந்து எழுதினார். இன்றைய பல்கலைக்கழகங்கள் செய்யும் ஆராய்ச்சியை 1,700 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பிஷப் செய்திருக்கிறார்.

நம்பிக்கை 6: தோமா எழுதிய நற்செய்தியை வாட்டிகன் மறைத்து வைத்திருக்கிறது.

உண்மை: ‘தோமா நற்செய்தி’ 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாடி அருகே கிடைத்த ஏடுகளில் ஒன்றில் இருந்தது. அந்த ஏடுகள் கெய்ரோவின் காப்டிக் அருங்காட்சியகத்தில் உள்ளன. அதிலுள்ள 114 வாசகங்களையும் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். அது இரண்டாம் நூற்றாண்டு நூல் என்பதும் தோமா எழுதியதல்ல என்பதும் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. தோமா இந்தியா வந்ததை விரிவாகச் சொல்லும் ‘தோமா பணிகள்’ மூன்றாம் நூற்றாண்டில் சிரிய மொழிச் சூழலில் பிறந்தது. அது சொல்லும் குந்தபர் என்ற மன்னன் உண்மையில் ஆண்டதை நாணயங்கள் காட்டுகின்றன. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கில். தோமா மயிலாப்பூரில் உயிர்விட்டார் என்ற மரபுக்கு அந்த நூலைச் சாட்சியாக நிறுத்த முடியாது.

எதிர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நாவலைச் சரித்திரமாக எடுத்துக்கொண்டு வாதாடாதீர்கள். விசுவாசிகளுக்கும் ஒரு வார்த்தை: மறைக்கல்வி வகுப்பிலோ ஞாயிறு பள்ளியிலோ ஒரு பிள்ளை எழுந்து, “இதை யார் எழுதினது?” என்று கேட்டால் அதட்டி உட்கார வைக்காதீர்கள். டியோனிசியஸ் என்ற பிஷப்பும் இதையேதான் கேட்டார் என்று சொல்லுங்கள். பிறகு, தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லிக் கொடுங்கள்.