கடற்கரைக் காரின் பவர் சீட்: பழுதறிதலும் சரிசெய்தலும்

பவர் சீட்டின் முன்பின் அசைவுக்கு மூன்று பாகங்கள் பொறுப்பு. சீட்டின் அடியில் 12 வோல்ட் மோட்டார் ஒன்று இருக்கும். அதன் சுழற்சியை இருபுறமும் கொண்டுசெல்ல வளையும் கேபிள்கள் உண்டு. சீட் சறுக்கி நகரும் ரெயிலில் பொருந்திய கியர் பெட்டியும் நீண்ட திருகுத் தண்டும் அந்தச் சுழற்சியை அசைவாக மாற்றும். சுவிட்ச் மின்சாரத்தை இணைத்து, அதன் திசையை மாற்றுகிறது. திசை மாறினால் மோட்டார் எதிர்ப்புறமாகச் சுழலும். உயரத்துக்கும் சாய்வுக்கும் பெரும்பாலும் தனித்தனி மோட்டார்கள் இருக்கும்.

ராமநாதபுரம், ராமேஸ்வரம் கரையில் ஓடும் பழைய கார்களில் இந்த அமைப்பு நின்றுபோனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உப்பையும் மணலையும்தான். மோட்டார் அதற்குப் பிறகே வரும்.

கரையின் பாதிப்பு

மண்டபத்திலிருந்து அரிச்சல்முனை வரை இருபுறமும் கடல். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையத்தை வைத்திருக்கிறது. இங்குள்ள உப்புக் காற்றின் கடுமைக்கு அதுவே சான்று. கடலுப்பில் சோடியம் குளோரைடுடன் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால், ஓரளவு வறண்ட காற்றிலிருந்தும் அது ஈரத்தை இழுக்கும். ஆகவே ஒயர்களை இணைக்கும் கப்ளரில் உப்புப் படிந்தால் அது, வெயிலில் நின்ற காரிலும் முழுதாகக் காய்வதில்லை.

2017இல் தனுஷ்கோடியின் முனையான அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு கார்கள் அங்குவரை செல்கின்றன. காலிலும் செருப்பிலும் ஒட்டிய மணல் நேராக ரெயிலில் விழுகிறது. ராமேஸ்வரம் கடற்கரையின் அக்னி தீர்த்தத்தில் நீராடியவர்கள் ஈரத்துணியோடு ஏறி அமர்ந்தால், கடல்நீர் பஞ்சு வழியாகச் சுவிட்சுக்கும் கப்ளருக்கும் இறங்குகிறது. மணலோடு கலந்த பழைய கிரீஸ் தேய்ப்புப் பசையாகி, திருகுத் தண்டையும் பிளாஸ்டிக் கியரையும் தின்றுவிடும்.

ஓசையால் பழுதறிதல்

சுவிட்சை அழுத்தும்போது கேட்கும் ஓசையே பாதிப் பழுதைச் சொல்லிவிடும். எந்த அசைவும் எந்த ஓசையும் இல்லையென்றால் ஃபியூஸ், எர்த், சீட்டுக்கு அடியிலுள்ள பிரதான கப்ளர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு அசைவு மட்டும் நின்றிருந்தால் அந்தச் சுவிட்சின் தொடுமுனையோ, அந்த மோட்டாரோ காரணம். மோட்டார் முனகியும் சீட் நகராவிட்டால் ரெயில் இறுகியிருக்கிறது. மோட்டார் தடையின்றிச் சுழன்றும் சீட் அசையாவிட்டால் கேபிள் கழன்றிருக்கும் அல்லது கியரின் பல் தேய்ந்திருக்கும். சீட் கோணலாக நகர்ந்தால் ஒருபுறக் கேபிள் மட்டும் வேலை செய்கிறது.

மின்சோதனையில் ஒரு எச்சரிக்கை தேவை. களிம்பேறிய கப்ளர்கூட மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டும்; மோட்டார் மின்சாரம் இழுக்கும்போதுதான் மின்னழுத்தம் விழும். ஆகவே சுவிட்சை அழுத்திய நிலையில் மோட்டார் முனையில் அளக்க வேண்டும். அல்லது ஹெட்லைட் பல்பை அங்கே இணைத்து, அது பிரகாசமாக எரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபியூஸ் மீண்டும் மீண்டும் போனால் அதைவிடப் பெரிய ஃபியூஸ் போடக் கூடாது. இறுகிய ரெயிலை இழுக்கும் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் எடுப்பதையே அது பெரும்பாலும் காட்டுகிறது.

சீட்டைக் கழற்றுதல்

பல கார்களில் சீட்டின் அடியில் மஞ்சள் கப்ளர்கள் இருக்கும். அவை பக்கவாட்டு ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட் இழுப்பானுக்கும் உரியவை. சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, குறைந்தது பத்து நிமிடம் பொறுத்த பிறகே அவற்றைத் தொட வேண்டும். அவற்றில் மல்டிமீட்டர் வைக்கவே கூடாது. அவை கழன்றிருக்கும்போது சாவியைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கும்.

சீட் பாதியில் நின்றுவிட்டால் போல்ட்டுகள் மறைந்திருக்கும். அப்போது மோட்டாரின் கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு தடித்த முனைகளுக்கு மட்டும் ஃபியூஸ் வைத்த ஒயரால் 12 வோல்ட் கொடுத்து நகர்த்தலாம். மெமரி சீட்டில் உள்ள மெல்லிய ஒயர்கள் உணரிகளுக்கு உரியவை. அவற்றுக்கு மின்சாரம் கொடுத்தால் உணரி கெட்டுவிடும். மோட்டாரே செத்திருந்தால் கேபிளை உருவி, திருகுத் தண்டைக் கையால் சுற்ற வேண்டும். இருபுறமும் ஒரே அளவு சுற்றுவது முக்கியம்.

சுத்தமும் மாற்றுப் பாகமும்

ரெயிலிலுள்ள மணலை முதலில் உலர்ந்த தூரிகையாலும் வேக்குவத்தாலும் எடுத்துவிட்டு, பழைய கிரீஸைத் துணியால் முழுவதும் துடைக்க வேண்டும். மணலை எடுக்காமல் எண்ணெய் தெளிப்பது தேய்மானத்தைக் கூட்டும். உப்பேறிய கப்ளரைக் குழாய்த் தண்ணீரால் கழுவுவதும் தவறு. இப்பகுதியில் பல இடங்களில் நிலத்தடி நீரே உவர்ப்பு. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரால் உப்பைக் கரைத்து, காயவிட்டு, பிறகு கான்டாக்ட் கிளீனர் தெளிக்க வேண்டும். எர்த் போல்ட்டின் அடியை உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, இறுக்கியபின் மேலே கிரீஸ் பூச வேண்டும். உலோக ரெயிலுக்கு லித்தியம் கிரீஸும் பிளாஸ்டிக் கியருக்கும் கப்ளருக்கும் சிலிகான் கிரீஸும் ஏற்றவை.

கழன்ற கேபிளுக்கு அதே நீளமுள்ள புதிய கேபிளே சரியான தீர்வு. கியர் பல் போயிருந்தால் தனிக் கியர் கிடைப்பது அரிது. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில் முழு ரெயிலாக வாங்குவதே நடைமுறை. வாங்கும்போது பாக எண்ணும் இடது, வலது புறமும் பொருந்த வேண்டும். விபத்தில் வளைந்த ரெயிலையும் வெல்டிங் செய்த ரெயிலையும் ஒதுக்க வேண்டும். மோதலின்போது ஆளைத் தாங்கிப் பிடிப்பது அந்த ரெயில்தான்.

பொருத்துதலும் பராமரிப்பும்

கேபிளை மாட்டுமுன் இரு ரெயில்களையும் ஒரே முனைவரை கொண்டுவந்து சமப்படுத்த வேண்டும்; ஒன்று முந்தியிருந்தால் சீட் கோணி, மோட்டார் மறுபடியும் திணறும். போல்ட்டுகளைக் கையால் தொடங்கி, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். எல்லாக் கப்ளர்களும் பூட்டிய பின்னரே பேட்டரியை இணைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு அசைவையும் இரு எல்லைவரை ஓட்டிப் பார்ப்பது நல்லது. சில மெமரி சீட்டுகள் தம் எல்லையை இப்படித்தான் மீண்டும் கற்கின்றன. ஏர்பேக் விளக்கு வழக்கம்போல் அணைகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

கடற்கரைப் பயணத்துக்குப் பின் கால்மிதியை உதறி ரெயிலை வேக்குவம் செய்வதும், ஈரத்துணிக்குத் தடித்த விரிப்புப் போடுவதும் போதுமான காவல். ஓட்டுபவர் ஒருவரே என்றாலும் மாதம் ஒருமுறை சீட்டை முழுநீளம் ஓட்டினால் கிரீஸ் திருகுத் தண்டெங்கும் பரவும், துரு ஓரிடத்தில் பிடிக்காது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் சீட்டுக்கு அடியிலுள்ள கப்ளர்களைத் திறந்து பார்த்தால், களிம்பு தொடங்கும்போதே துடைத்துவிடலாம்.