வட்டு தரும் எச்சரிக்கை

புனேயில் 1917ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் பழஞ்சுவடிகளைக் காத்து வருகிறது. ஓலையும் தாளும் அழியக்கூடியவை; ஆதலால், சிதையும் முன்னரே படியெடுப்பது முன்னோர் கண்ட வழி. அவ்வழி மடிக்கணினிக்கும் பொருந்தும்.

மடிக்கணினியை இயக்கும்போது, ‘வட்டில் பிழை உள்ளதா எனச் சரிபார்க்க வேண்டும்’ என்னும் அறிவிப்புச் சில வேளைகளில் தோன்றும். காரணங்கள் இரண்டு. மின்கலம் தீர்ந்து கணினி திடீரென நின்றால், கோப்புகளின் இருப்பிடத்தைக் காட்டும் பட்டியல் குழம்பும். இது நூலின் பொருளடக்கம் பிழைபட்டதைப் போன்றது. சரிபார்ப்பு நிரலே பெரும்பாலும் திருத்திவிடும். வட்டின் பரப்பே பழுதுபடுவது மற்றொன்று. இது ஏடே செல்லரித்ததைப் போன்றது. அப்பழுதை எந்நிரலும் நீக்காது.

எக்காரணம் என்பது முதலில் விளங்காது. முழுமையான சரிபார்ப்பு வட்டின் ஒவ்வொரு பகுதியையும் படிக்கும். நலிந்த வட்டு அவ்வுழைப்பைத் தாங்காமல் நின்றுபோகக்கூடும். ஆகவே, அறிவிப்பில் கூறியவாறு விசையை அழுத்திச் சரிபார்ப்பைத் தள்ளிவையுங்கள். தேவையான கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுங்கள். பின்னர் மின்னிணைப்புத் தந்து சரிபார்ப்பைத் தொடங்குங்கள், இடையில் நிறுத்தாதீர்கள். அதன் பின்னரும் எச்சரிக்கை மீண்டும் மீண்டும் வந்தால், வட்டை மாற்றுவதே தக்கது. புதிய வட்டு கடையில் கிடைக்கும். மறைந்த பாட்டியின் குரற்பதிவு எக்கடையிலும் கிடைக்காது.

அருஞ்சொற்பொருள்
செல்லரித்தல் – கரையானால் அரிக்கப்படுதல்
நிரல் – கணினிக்குரிய ஆணைத்தொகுப்பு

வினாக்கள்
1. இருவகைப் பிழைகளையும் வேறுபடுத்துக.
2. சரிபார்த்தலுக்கு முன் படியெடுத்தல் ஏன் இன்றியமையாதது?