லாஃப்ட் அறையுள்ள வீடு வாங்குமுன்



பிள்ளைகள் வளர வளர இடம் போதாமல், லாஃப்டை அறையாக மாற்றிய வீடுகளை நம் குடும்பங்கள் தேடுகின்றன. இங்கிலாந்தில் அப்படியொரு வீட்டுக்கு விலை பேசும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது பில்டிங் கண்ட்ரோல் கொடுத்த கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்.

"இதற்குப் பிளானிங் பெர்மிஷன் தேவையில்லை" என்று விற்பவர் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். வரிசை வீட்டில் 40 கன மீட்டர், மற்ற வீடுகளில் 50 கன மீட்டர் வரை கூரையை விரிவாக்க, ஏனைய நிபந்தனைகளும் பொருந்தினால், பிளானிங் விண்ணப்பம் வேண்டியதில்லை. ஆனால் பில்டிங் ரெகுலேஷன்ஸ் வேறு. கட்டடம் பாதுகாப்பானதா என்று பார்ப்பது அதுதான். லாஃப்டைப் புழங்கும் அறையாக்கினால் அந்த அனுமதி கட்டாயம்.

காரணம் உண்டு. லாஃப்டின் பழைய மரச்சட்டங்கள் பெரும்பாலும் கீழறையின் கூரைப் பலகையைத் தாங்கப் போடப்பட்டவை. கட்டிலையும் ஆட்களையும் தாங்க அல்ல. இரவில் சமையலறையில் தீப்பிடித்தால், மேலே உறங்கும் பிள்ளை ஜன்னல் வழியாகக் குதிக்க முடியாது. படிக்கட்டுதான் வழி. ஆகவே அது வாசல்வரை தீயும் புகையும் புகாதபடி இருக்க வேண்டும். தீ தாங்கும் கதவுகளும், ஒன்றோடொன்று இணைந்த புகை அலாரங்களும் வேண்டும்.

சர்டிஃபிகேட் இல்லையென்றால், இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் எடுத்துத் தருவதாக விற்பவர் தரப்பில் சொல்வார்கள். கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் இழப்பைத்தான் அது ஈடுகட்டும். பலவீனமான தளத்தைச் சரிசெய்ய அது உதவாது. நாம் கவுன்சிலிடம் விசாரித்துவிட்டால் பெரும்பாலும் அந்த இன்சூரன்ஸும் கிடைக்காது. எனவே முதலில் நம் சொலிசிட்டரிடம் கலந்துகொள்வோம்.

இதைவிட நல்ல வழி ரெகுலரைசேஷன் சர்டிஃபிகேட். 1985 நவம்பர் 11 முதல் அனுமதியின்றிச் செய்த வேலைகளுக்குக் கவுன்சிலிடம் இதைக் கேட்கலாம். ஆய்வுக்காகச் சுவரையோ தளத்தையோ திறந்து காட்டச் சொல்வார்கள். திருத்த வேலையும் வரலாம். அந்தச் செலவை விற்பவர் ஏற்கும்படி பேசி, எக்ஸ்சேஞ்சுக்கு முன்பே முடிக்கச் செய்வோம். எக்ஸ்சேஞ்ச் ஆனபின் பின்வாங்கினால் டெபாசிட் போய்விடும்.

விற்பவர் மறுத்தால், அந்த அறையைச் சாமான் வைக்கும் இடமாக மட்டும் கணக்கிட்டு விலை பேசுவோம். சர்வேயரிடம் முழுமையான ஆய்வு கேட்போம். குறை சரியாகும்வரை அங்கே யாரையும் உறங்க விடக் கூடாது.

நாமே விற்கும்போதும் இதே நியாயம்தான். குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் ஹராம். லாஃப்ட் வேலை செய்யப் போகும் குடும்பங்கள், பில்டரிடம் கடைசித் தவணையைக் கொடுக்குமுன் சர்டிஃபிகேட்டைக் கையில் வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு பத்திரப்படுத்துங்கள்.